கறுப்புத் துண்டு

ஏப்ரல் 8, செவ்வாய்

என் குதிரை டிங்கர் இன்று ஆயிரத்து இருநூறு மீட்டரை நல்ல நேரத்தில் முடித்தான். ஆனால் கிளெனிஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கினாள்.

"ரோ, மூச்சு இழுக்கும்போது இவனுக்கு விசில் சத்தம் வருது. போன மாசத்தைவிட ஜாஸ்தி. தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாரேன்."

"பாடுறான், விடுடி," என்றேன்.

இருபது வருடமாக என் குதிரைகளை ஓட்டும் ஜாக்கி. அவள் காது பொய் சொல்லாது. ஆனால் கேமரா விட்டால் எதையாவது கண்டுபிடிப்பார்கள். மே 3 நம் ஊர்க் கோப்பைப் பந்தயம். ரேஸ் கிளப்பில், ஜெயித்த பயிற்சியாளர்களின் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகச் சாப்பிட்டாயிற்று. இந்தத் தடவை என் பெயர் வர வேண்டும்.

ஏப்ரல் 11

மழை. டிங்கர் ஓட்ஸ் மிச்சம் வைக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஓட்டம் முடிந்ததும் கிளெனிஸ் அடுத்த குதிரைக்குப் போய்விட்டாள். குழாயடியில் டிங்கர் தலையைத் தாழ்த்தினான். மூக்கின் இரண்டு துவாரத்திலும் ரத்தம்.

பயிற்சியில் வந்தாலும் அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் மூன்று மாதம் ரேஸ் கிடையாது. இரண்டாவது முறை வந்தால் ஆயுளுக்கும் கிடையாது.

சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. பக்கத்திலேயே வெள்ளைத் துண்டு தொங்கியது. அதை எடுக்கவில்லை. வண்டி வரை நடந்துபோய், டயர் துடைக்கும் கறுப்புத் துண்டைத் தேடி எடுத்து வந்தேன்.

பக்கத்து லாயத்து டெஸ்மண்ட் எப்போதும் கறுப்புத் துண்டுதான் வைத்திருப்பான். ரத்தம் தெரியாமல் இருக்கத்தான் என்று சொல்லிச் சிரித்து, அவனுக்குக் 'கறுப்புத்துண்டு' என்று பெயர் வைத்ததே நான். ஊரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

துடைக்கத் துடைக்க டிங்கர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. தேவாலயத்துக்குப் போகவில்லை.

மே 3, சனி

கடைசித் திருப்பத்தில் முன்னால் வந்தான். ரம்பம் அறுப்பது போல அவன் மூச்சு வேலி வரை கேட்டது. பிறகு கால் தடுமாறியது. கிளெனிஸ் எப்படியோ ஓரம் கட்டினாள். பின்னால் பதினோரு குதிரைகள் வந்துகொண்டிருந்தன. அவள் விழுந்திருந்தால் —

அவளுடைய வெள்ளைக் கால்சட்டை முழுக்க ரத்தம். அவளுக்குத்தான் அடி என்று ஓடினேன். டிங்கரின் ரத்தம்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று குதிரை டாக்டர் இமோஜன் கேட்டாள்.

கிளெனிஸ் முந்திக்கொண்டாள். "வந்திருந்தா ரோ சொல்லியிருப்பா. எனக்கு இவளைத் தெரியாதா?"

"இல்ல," என்றேன்.

ச்சீ. நான்லாம் ஒரு மனுஷியா?

மே 6

கேமரா விட்டார்கள். குரல்வளையின் இடது பக்கம் செயலிழந்திருக்கிறது. ஓடும்போது அது திறக்காமல் வழியை அடைக்கிறது.

"குதிரையால வாய் வழியா மூச்சு விட முடியாது," என்றாள் இமோஜன். "ஸ்ட்ராவை நசுக்கிட்டு மில்க்‌ஷேக் உறிஞ்சிப் பாருங்க. கன்னம் எப்படி ஒட்டும்? இவன் நெஞ்சு அப்படித்தான் இழுக்குது. ஓட்டத்துல நுரையீரல் ரத்தக் குழாய்ல அழுத்தம் ஏற்கெனவே எகிறியிருக்கும். இந்த இழுப்பும் சேர்ந்தா மெல்லிசான குழாய் தாங்குமா? கிழிஞ்சிரும். கிழிஞ்ச நுரையீரல்ல தழும்பு விழும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கிழியலாம்."

கிளெனிஸ் அவன் நெற்றியைத் தடவினாள். "ஆபரேஷன் பண்ணிடலாம். மூணு மாசம் கழிச்சு நானே ஏறுறேன். வேற யாரையும் ஏத்தாதே, சொல்லிட்டேன்."

உண்மையைச் சொன்னால் இது இரண்டாவது முறை. அவன் இனி ஓடவே முடியாது. சொல்லாவிட்டால் அவள் அவன்மேல் ஏறுவாள்.

மே 7

ஸ்ட்ராவை நசுக்கி உறிஞ்சிப் பார்த்தேன். நெஞ்சு வலித்ததும் நிறுத்திவிட்டேன். அவனால் எப்படி நிறுத்த முடியும்? முதுகில் ஆள் இருக்கும்போது?

மே 9

சொல்லிவிட்டேன், கறுப்புத் துண்டையும் சேர்த்து. முதலில் கிளெனிஸிடம், அவள் சமையலறையில்.

"நான் காதால கேட்டதைச் சொன்னேன்," என்றாள். "நீ கண்ணால பார்த்ததை மறைச்சிட்டே." பாதி குடித்திருந்த தேநீரை என் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் கொட்டினாள்.

அங்கிருந்து நேராக அதிகாரிகளிடம் போனேன். அது சுலபமாக இருந்தது.

ஜூன் 2

டிங்கருக்கு ஆயுள் தடை. எனக்கு ஒரு வருடம் உரிமம் இல்லை.

டெஸ்மண்ட் வந்தான். "என் குட்டிக் குதிரைங்களுக்குத் துணையா அவன் என் மேய்ச்சல் நிலத்துல நிக்கட்டுமே. நீயும் வந்து பாத்துக்கலாம்." ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.

அந்தத் துண்டுகளைப் பற்றி நானே கேட்டேன்.

"அதுவா? வீட்டுக்காரி சலூன்ல முடிக்குச் சாயம் போடுற துண்டு. பழசானா இங்க வந்துரும்."

பத்து வருடமாக அவள் கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். அதே துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு.

ஆகஸ்ட் 30

டிங்கர் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கிளெனிஸ் வந்தாள். இப்போது டெஸ்மண்டின் குதிரைகளை ஓட்டுகிறாள். என்னிடம் பேசி நான்கு மாதம் ஆகப்போகிறது.

வேலியில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்து என்மேல் எறிந்தாள். "மூக்கு ஈரமா இருக்கு, துடை. அதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே."

அதை வேலியிலேயே திருப்பிப் போட்டேன். என் வெள்ளைச் சட்டைக் கையால் அவன் மூக்கின் இரண்டு துவாரத்தையும் துடைத்து, அந்தச் சட்டைக் கையை அவளிடம் நீட்டினேன். வெறும் தண்ணீர்தான்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.