என் நாவலுக்குச் சீர் வந்த வாரம்

மே 12, திங்கள்

வெயில். தறி ஷெட்டுக்குள்ளே இருந்தால் வேகுது, வெளியே போனால் வறுக்குது.

பதிப்பாளர் அண்ணன் மெசேஜ்: "விளம்பரம் இனி உங்க கையிலதாம்மா." என் கையில் எங்கே. அச்சான புத்தகம் மூணு பண்டலும் என் கட்டில் மேலே, கால்மாட்டில். முதல் நாவல் வந்தால் தலைகால் புரியாதுன்னாங்க. எனக்குக் கால் நீட்ட இடமில்லை, அவ்வளவுதான் புரிஞ்சுது.

அப்பா சொன்னது (அப்புறம் மாத்திச் சொல்லக்கூடாதுன்னு இங்கே எழுதி வைக்கிறேன்): "நீ எழுதினதை நாலு பேரு மதிக்கோணும் கண்ணு. மதிச்சா பி.ஏ. தமிழு படி. இல்லீன்னா பேசாம இன்ஜினியரிங்." அந்த நாலு பேர் யார் யாருங்கப்பான்னு கேட்டேன். முறைச்சார்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. காலேஜ் முடிவு அடுத்த வாரத்துக்குள்ளே. ஆக எனக்கு அவசரமா நாலு வாசகர் வேணும்.

மே 13, செவ்வாய்

திட்டம்: சூலூர்–காந்திபுரம் பஸ். சீட்டில் ஒரு காப்பியை மறந்த மாதிரி விட்டுட்டு இறங்கிடறது. கிடைச்சவங்க படிப்பாங்க. ஸ்கூல்ல லாங் பெல்லை அரை மணி முன்னாடியே அடிச்சு மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பின எனக்கு இதெல்லாம் ஜுஜுபி.

முதல் பஸ்: ஒரு பெரியவர் பின்னாடியே இறங்கி ஓடி வந்தார். "அம்மணீ! புக்கை உட்டுப்போட்டுப் போறே!" மூச்சு வாங்குது அவருக்கு. நன்றி வேற சொல்ல வேண்டியதாப் போச்சு.

ரெண்டாவது: ஜன்னல் வழியா மடியில் வந்து விழுந்தது. கூடவே "பத்திரம் சாமி".

மூணாவது: யாரும் கூப்பிடலை! பஸ் போயிடுச்சு! புத்தகமும் போயிடுச்சு! ஸ்டாண்டிலேயே கரும்பு ஜூஸ் குடிச்சுக் கொண்டாடினேன்.

மே 14, புதன்

மூணாவது பஸ் கண்டக்டர் இன்னிக்கு சூலூர் ஸ்டாண்டில் பிடிச்சுட்டார். "ஏனுங்க அம்மணி, பின்னட்டைல உங்க போட்டோ பாத்தனுங்க. அதான் எடுத்து வெச்சிருந்தேன்."

"படிச்சீங்களாண்ணா?"

"அடுத்தவங்க பொருளுங்களே. பிரிச்சுக்கூடப் பாக்கலீங்க."

அழுக்காகக் கூடாதுன்னு பேப்பரில் சுத்திக் கொடுத்தார். பேப்பரில் குறுக்கெழுத்து முழுக்க நிரப்பியிருக்கு. அதைப் படிச்சிருக்கார் மனுசன்.

இந்த ஊர் மரியாதை ஒரு நாள் என்னைக் கொன்னுடும்.

மே 15, வியாழன்

என் மூஞ்சி தொங்கறதைப் பார்த்து அப்பா களத்தில் இறங்கிட்டார். ஞாயித்துக்கிழமை மண்டபத்தில் விழா. நாலு பேர் மதிக்கணும்னவர் நானூறு பேருக்குச் சொல்லிட்டார்.

முக்குல ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. நடுவில் நான், பட்டுப் புடவையில் (அதைவிட்டால் நல்ல போட்டோ கிடையாது). சுத்தியும் சொந்தக்காரங்க தலைகள். எல்லாத்துக்கும் மேலே, கூலிங் கிளாஸோட, கிணத்துக்கடவு மாமா, அம்மாவோட தம்பி. நாவல் அட்டை? இருக்கு. கீழே வலது மூலையில், ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போன் நம்பருக்குப் பக்கத்தில். நம்பர் பெரிசு.

'நூல் வெளியீட்டு விழா'ன்னு இருக்கறதைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரர்: "எத்தனை கவுண்ட்டு நூலு அம்மணி?"

"இருநூறுங்க." (பக்கம்.)

"இருநூறு கவுண்ட்டுன்னா அத்தனை மெல்லிசா? அறுந்தறுந்து போகுமே!"

எனக்குக் கிடைச்ச முதல் விமர்சனம்.

மே 16, வெள்ளி

மாமா போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாங்க.

"ஏனுங்கக்கா, வாட்ஸப்ல ஃப்ளெக்ஸ் பாத்தேன். புள்ள வயசுக்கு வந்தப்பவே சீர் செஞ்சுபோட்டமே. மறுக்கா எதுக்குங்க?"

"சீர் இல்லடா. புக்கு எழுதியிருக்கா."

"புக்குக்குச் சீரா?"

அந்தப் பக்கம் யார்கிட்டயோ 'புக்குக்காமா'ன்னு சொல்றது கேட்டுது. அப்புறம்: "செரி. தாய்மாமன்னு அம்மாம் பெரிசாப் போட்டோ போட்டுப்போட்டீங்க. வெறுங்கைய வீசீட்டு வந்தா நல்லாவா இருக்கும்? தட்டோடவே வாரேன்."

அம்மா தடுக்கலை. தடுத்தால் தம்பிக்கு மரியாதைக் குறைவாம்.

மே 18, ஞாயிறு

நடந்துபோச்சு.

மேளம். மாமா தலைமையில் வரிசையாத் தட்டு. தேங்காய், வாழைப்பழம், வளையல், புடவை. என் நாவலும் ஒரு தட்டில், வெத்தலை பாக்கோட. யாரோ ஓர் அத்தை அட்டைக்குக் குங்குமம் வெச்சுட்டாங்க, சரியா கதாநாயகி நெத்தியில். வெளியீடு முடிஞ்சதாம்.

அப்புறம் வரிசையா மேடையேறி என் கன்னத்தில் சந்தனம். "நல்லாயிரு கண்ணு." போட்டோ. பந்தி. தாம்பூலப் பையில் புத்தகத்தையும் போட்டுத்தான் கொடுத்தோம். பாதிப் பேர் தேங்காயை எடுத்துக்கிட்டு நாவலை நாற்காலி மேலேயே வெச்சுட்டுப் போனாங்க.

பந்தியில் காதில் விழுந்தது:
"என்ன விசேசங்க?"
"தெரியிலீங்க. பாயாசம் நல்லாருக்கு, வாங்கிக்குங்க."

சிறப்பு விருந்தினர், அப்பாவுக்குத் தூரத்துப் பங்காளி. சரவணம்பட்டிப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜ் நடத்தறார். பெரியப்பான்னு கூப்பிடணும். புத்தகத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார், பிரிக்கலை. மைக்கில்: "இத்தன பக்கத்தையும் பாப்பா ஒருத்தியே உக்காந்து டைப் பண்ணிருக்குதுன்னா, கம்ப்யூட்டர் மேல எத்தன ஆர்வம் இருக்கோணும்! கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு சீட்டு, இந்த மேடையிலயே கொடுக்கறேன்!"

மண்டபமே கைதட்டல். இத்தனை நேரம் ஒரு கைகூடத் தட்டாத கூட்டம். மாமா விசில். அப்பா துண்டால் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "நாலு பேரா கண்ணு? சபையே மதிச்சுப்போட்டுது!"

மைக்கை என்கிட்ட நீட்டினாங்க. ஊர் வாயையெல்லாம் அடைக்கற வாய் இது. எல்லாரும் பார்க்கறாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டு நிக்கறார்.

நான் பேசினது முழுசும்: "நன்றிங்க."

மே 19, திங்கள்

மழை. கரண்ட் போய்த் தறிச் சத்தம் இல்லை, காது ஙொய்ங்னு இருக்கு.

அப்பா காலையிலேயே சரவணம்பட்டி போய் சீட்டை உறுதி பண்ணிட்டு வந்துட்டார். பி.ஏ. தமிழ்ப் பேச்சையே காணோம். எனக்குத் தேன் மிட்டாய். "உன் புக்குனாலதான் கண்ணு கெடச்சுது." அது நிஜம். அதுதான் கஷ்டமே. கோபப்படக்கூட ஆளில்லை, எல்லாரும் நல்லது பண்ணிட்டாங்க.

இதுவரை வாசகர்: ஒருத்தர். அம்மா. அவரைக்காய் நறுக்கிக்கிட்டே படிக்கறாங்க, கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டாங்க. கத்தியை வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ள அத்தன பேருக்கு முன்னால அவங்கப்பன் மூஞ்சியப் பாத்து 'எனக்கு இது வேண்டாம்'னு சொல்லுதே. எந்த ஊர்ல இப்பிடிப் பேசறாங்க?"

"கதைதானுங்கம்மா."

"அதான பாத்தேன்"னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பினாங்க.