தனியாக நான்கு கை

வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு, உன் கணவன் பணிவோடு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? வேலைக்கு வந்த இடத்தில் நானும் என் தொப்பையும் சௌக்கியம்.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. என் வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கிரேன் டிரைவரிடம், நீச்சலில் நான் புலி என்று அளந்துவிட்டேன். அவன் மூன்று வாரம் விசாரித்து, பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் ஏரியைக் கண்டுபிடித்து, என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டான். அடியில் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். குழந்தைகள்கூடக் குதித்தார்கள். நான் மட்டும் மார்பளவு தண்ணீரில் நின்று நடுங்கினேன்.

"என்னண்ணே, புலி பூனையாயிடுச்சா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். கல்யாணமான புதிதில் வாய்க்காலில் நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய், தாடைக்கடியில் உன் கை இல்லாமல் ஒரு நாளும் நான் நீந்தியதில்லை என்று. உன் அண்ணன்கள் கரையில் நின்று கேலி செய்ததையும், நீ அவர்கள்மேல் தண்ணீரை வாரி இறைத்ததையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் வேணா புடிக்கட்டுமாண்ணே?"

கிரேன் கொக்கி போன்ற அந்தக் கைக்குப் பயந்தே காலை உதைத்துவிட்டேன். மூழ்கவில்லை. தனியாக நான்கு கை போட்டேன்!

கரைப்பக்கம் திரும்பி, "பாத்தியாடி!" என்று கத்தினேன்.

"பாத்தேண்ணே" என்றான் அவன்.

ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், தலை துவட்ட உன் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஓடுகிறேன்.

உன்னவன்