திருப்பிச் சொல்லாத பேச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய வலது தோளையும் என் பொறுமையையும் தவிர. நீயும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதையாவது பிரித்துப் படி.

உன் தம்பி நேற்று வந்தான், செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டான். இனி புருஷனோடு முடியாது, குழந்தையோடு வந்துவிடவா என்று நீ அப்பாவிடம் போனில் கேட்டாயாம், அவர் "ஒண்ணும் வேணாம்மா, அங்கேயே நல்லபடியா இரு" என்று வைத்துவிட்டாராம். நான் கடைக்குப் போன நேரம் பார்த்தா இதைக் கேட்பாய்? இரண்டு மாதமாக நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பது இதற்குத்தானா? யாரை முதலில் திட்டுவது என்றே தெரியவில்லை. அவர் பக்கத்தில் இருந்ததால் அவரைத் திட்டி முடித்தேன், இப்போது உன் முறை.

உனக்கும் உன் தம்பிக்கும் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு இடது காது கேட்காது, நீ பிறப்பதற்கு முன்பிருந்தே. ரயில்வேயில் கேங்மேனாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தவரைப் போர் வந்ததும் அதன் ராணுவப் பிரிவில் சேர்த்துச் சிப்பாயாக்கினார்கள். அங்கேயும் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அதே தண்டவாள வேலைதான், இவர்கள் போடுவார்கள், விமானம் வந்து உடைக்கும், மறுபடி போடுவார்கள். ஒரு நாள் குண்டு பக்கத்திலேயே விழுந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை, காது மட்டும் போயிற்று. திரும்பி வந்து கேட் கீப்பர் வேலைக்கு டாக்டர் சோதித்தபோது, நல்ல காதை மூடச் சொன்னால் இந்த மனுஷன் விரலிடுக்கில் வழி விட்டு மூடிப் பாஸாகிவிட்டார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று என்னிடம் சத்தியம் வேறு. ரிட்டயரான பிறகு யாருக்குப் பயம் என்றால், மறைத்தே பழகிவிட்டதாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத கல் நெஞ்சு என்று நீங்கள் நினைத்ததில் பாதி இந்தக் காதினால்தான். மீதிப் பாதி அவர் குணம், அதற்கு நான் பொறுப்பில்லை.

மூன்று மாதம் முன்பு ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவருக்கு வலது கை மேலே எழுவதில்லை. ரிசீவரை இடது கையால் எடுத்துக் கேட்காத காதிலேயே வைத்துக்கொள்கிறார். யார் பேசினாலும் ஒரே பதில், ஒண்ணும் வேணாம், நல்லபடியா இரு. கூரையைச் சரிபார்க்க வருகிறேன் என்ற கொத்தனாருக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார், கூடம் முழுக்க இப்போது பாத்திரம் வைத்திருக்கிறேன்.

உன் புத்தி எங்கே போயிற்று? கேட் போனில் "பாதை காலி, ரயில் வரலாம், லைன் கிளியர்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லாமல் அவர் கேட்டைத் தொட்டதில்லை. வீட்டிலும் அதே சட்டம்தானே. உப்பு வாங்கி வரச் சொன்னால்கூட வாசலில் நிறுத்தித் திருப்பிச் சொல்ல வைப்பாரே, நீ அழுதுகொண்டே சொல்வாயே. அவர் திருப்பிச் சொல்லவில்லை என்றால் அது அவர் காதில் விழவில்லை என்று அர்த்தம். இதுகூடத் தெரியாமல் கோபம் மட்டும் வந்துவிட்டது உனக்கு.

நீ கேட்டதை நேற்று அவருடைய வலது பக்கம் நின்று சொன்னேன். இடது காதைத் தடவிக்கொண்டார். பிறகு, "அவ எந்தக் காதுல கேட்டா?" என்றார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்போது போன் பக்கத்தில் உட்கார்ந்தவர் இன்னும் எழவில்லை. சாப்பாடும் அங்கேயே வர வேண்டுமாம், என் முட்டி வலி யாருக்குத் தெரிகிறது.

உன் புருஷன் விஷயத்தை நீயாகச் சொன்னால் கேட்போம், யாரும் உன்னைத் துருவ மாட்டோம். நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். பயணத்துக்குப் பேரனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். ரிசீவரை அவர் வலது காதில் நான் பிடித்துக்கொள்கிறேன். அன்று கேட்டதையே கேள், அவர் திருப்பிச் சொல்லும்வரை வைக்காதே. நீ கேட்பதற்கு முன்பே அவர் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார், கேட் போனில் கத்துகிற அதே குரலில், தெருவுக்கே கேட்கிறது: "மகளும் பேரனும் வர்றாங்க. லைன் கிளியர்."

உன் அம்மா