வட்டிக்காரரும் ஓர் ஓமும்

அண்ணை,

இன்று காலை வெண்டிக்காய்ப் பெட்டியைப் பிரித்தேன். ஈர அட்டையின் வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் அமெரிக்கா ஞாபகம் வந்துவிட்டது. வெண்டிக்காய்க்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், நீங்கள் இருந்த காலத்தில் லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நம் கடைப்பக்கம் வராதவர்கள்.

நான் கல்லாவில், நீங்கள் மரக்கறியில். புறநகர்க் கூசேன்வில்லிலிருந்து ஒரே ரயிலில் வருவோம், ஒரே ரயிலில் திரும்புவோம். குறைந்த வாக்கு எடுத்தவர் அமெரிக்காவில் எப்படி ஜனாதிபதி ஆகலாம் என்று, ஒருநாள் கடைக்கு வந்த ஒரு அம்மா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். நீங்கள் காலிப் பெட்டி ஒன்றை இழுத்து வெண்டிக்காயையும் பயித்தங்காயையும் அள்ளிப் போட்டீர்கள். "இது ஒரு மாநிலம். வெண்டிக்காய் ஒண்டு கூடுதலாக் கிடந்தாலும் பெட்டி முழுக்க வெண்டிக்காய்க்குத்தான். பயித்தங்காய் எல்லாம் வீணாப்போச்சு. கடைசியில எண்ணுறது பெட்டியை, காயை இல்லை." அந்த அம்மா இரண்டையும் கலந்தே நிறுத்து வாங்கிக்கொண்டு போனார். முதலாளிக்குச் சந்தோஷம்.

கட்சி வேட்பாளரைத் தேர்வதை உள்வீட்டுச் சண்டை என்பீர்கள். அது முடிந்த பிறகுதான் வெளிச்சண்டை. கடைத் தொலைக்காட்சியில் ஒரு அலைவரிசையைப் பத்து நிமிடம் கேட்டால், எதிர் அலைவரிசையையும் கேட்காமல் விடமாட்டீர்கள். செய்தியையும் இரண்டு கடையில் விலை கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்பது உங்கள் சட்டம். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று எனக்குத் தெரியும். ஊரில் வாக்குப் போடும் வயது வந்தபோது ஊரில் இருக்க முடியவில்லை. இங்கே அகதி அட்டைக்கு வாக்கு இல்லை. எட்ட நின்று பார்ப்பதற்கு யாரும் அனுமதி கேட்காதது அமெரிக்கத் தேர்தல் ஒன்றுதான்.

பிறகு உங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தீர்கள். அடுத்த நகரசபைத் தேர்தல் வந்தபோது, போடுவீர்கள்தானே என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். அமெரிக்காவைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். வேட்பாளருக்குப் பின்னால் வட்டிக்காரர் நிற்கிறார்களாம். துவக்கும் தோட்டாவும் விற்பவன், மருந்து விற்பவன், எண்ணெய் விற்பவன் எல்லோரும் தேர்தலுக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு சட்டமாக வட்டி வாங்குகிறார்களாம். நம் ஒரு வாக்கு என்ன செய்யும் என்றீர்கள்.

எனக்குப் பொல்லாத கோபம். அந்த ஒரு வாக்குக்காக நீங்கள் எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்று பார்த்தவள் நான்.

அந்த வட்டிக்காரர் எங்கிருந்து வந்தார்கள் என்று மாலை ரயிலில்தான் பிடிபட்டது. பிரெஞ்சுச் செய்தியில் 'அன்தெரே' குழுக்கள் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை நீங்கள் படித்தது வங்கியில், வீட்டுக்கடன் எடுத்தபோது. அங்கே அதற்கு வட்டி என்று அர்த்தம். கைத்தொலைபேசியில் அகராதியைத் திறந்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"வட்டி மட்டுமில்லை அண்ணை, நலன் எண்டும் அர்த்தம் இருக்கு. ஒரே நலனுக்காகச் சேர்ந்து போய்க் கேக்கிற ஆக்கள். பிள்ளையளின்ரை தமிழ் வகுப்புக்கு இடம் கேட்டு நகரசபைக்குப் போனமே, நாங்களும் அதுதான்."

கைத்தொலைபேசியை வாங்கி அகராதியை இரண்டு தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்.

"அப்ப நானும் ஒரு வட்டிக்காரனோ?"

நான் ஓம் என்று தலையாட்டியதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் ரயில்பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. காசுள்ளவன் கேட்டால் கதவு கெதியாகத் திறக்கும், அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான் என்றீர்கள். அதை நானும் மறுக்கவில்லை. இறங்கும்போது நீங்களே சொன்னீர்கள்: "அதுக்காக நாங்கள் தட்டாமல் இருக்கிறதோ?"

அந்த ஞாயிறு, தேர்த் திருவிழாவுக்கு என்று வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்கு வந்தீர்கள். உறையை வாக்குப்பெட்டிக்குள் விட்டதும் மேசையில் இருந்த பெண்மணி வழக்கம்போல "ஆ வொத்தே" என்று உரக்க அறிவித்தார். வாக்களித்துவிட்டார் என்று சபைக்குச் சொல்வது அது. நீங்களோ, வாக்களித்தீர்களா என்று உங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நிமிர்ந்து நின்று "ஓம்" என்றீர்கள். வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. கிண்டல் வாய் வரை வந்தும் அன்று பண்ணவில்லை.

வகுப்புக்கு இடம் கிடைத்தது. விளையாட்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் சப்பாத்து நாற்றம் அடிக்கும் சின்ன அறை. வட்டி வந்து சேர்ந்தது என்று கடை முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். வகுப்பு இன்றும் நடக்கிறது. அறையைப் பெரிதாக்கக் கேட்டு மறுபடி மனுக் கொடுத்திருக்கிறோம். கடைத் தொலைக்காட்சியில் அமெரிக்க வரைபடம் சிவப்பும் நீலமுமாக வரும்போதெல்லாம் நான் எழுந்து போய் அடுத்த அலைவரிசையையும் போட்டுப் பார்க்கிறேன். முதலாளி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த இந்த நகரசபைத் தேர்தலுக்குத் தனியாகத்தான் போனேன். எத்தனையோ தேர்தலில் வாக்குப் போட்டிருக்கிறேன், ஒருநாளும் வாய் திறந்ததில்லை. உறை விழுந்தது. அதே பெண்மணி, "ஆ வொத்தே" என்றார்.

ஓம் என்றேன் அண்ணை. கொஞ்சம் சத்தமாகவே.