மலை ஏறும் பெட்டி

பிப்ரவரி 3

என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு, என்கிட்ட வசமா மாட்டிக்கிட்ட அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் எழுதுறது. போன் போட்டா எடுத்ததும் வச்சிடுற. கடுதாசியை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். படிச்சிட்டுக் கிழி.

சர்க்கரை வந்து வலது காலை எடுத்ததுல இருந்து ஜன்னலைச் சாத்திக்கிட்டே படுத்திருக்கியாம். ரோட்டுல லாரி போற சத்தம் கேட்டா தலையணையைக் காதுல அமுக்கிக்கிறியாம். தங்கச்சி சொன்னா. அழல, ஆனா குரல் சரியில்ல. முப்பது வருஷம் லாரி ஓட்டுன ஆளு நீ. உனக்கு ஒரு வண்டி செஞ்சு தரப் போறேன்.

கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டுற விளையாட்டு ஒண்ணு இருக்கு. சரக்கு ஏத்தணும், மலை ஏறணும், நேரத்துக்கு இறக்கணும். அதுக்கான பெட்டியை உதிரி உதிரியா வாங்கிப் பூட்டிக்கலாமாம். என் லாரிப் பட்டறை இருந்த தெருவுல அந்த உதிரிச் சாமான் கடை வச்சிருக்கு ஒரு பொண்ணு. "இன்ஜினைக் காட்டும்மா"ன்னேன். உள்ளங்கையில வச்சா. ஒரு பிஸ்கட்டு அளவுதான். அதுக்குள்ள பல நூறு கோடி சுவிட்சு இருக்காம். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன், ஒண்ணுகூடத் தெரியல. மனுஷன் எந்தக் கையால இதைச் செஞ்சான்னு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். அவ சிரிக்கல. தனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னா.

படம் காட்டுற கார்டுதான் எல்லாத்தையும்விட விலை. என் கையில இருக்குறதுக்கு நல்ல கார்டா, நல்ல ஸ்டியரிங்கா, ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு நீ சொல்லு.

உன் மச்சான்


பிப்ரவரி 9

மச்சானுக்கு,

எனக்குப் பொம்மை வேண்டாம். நடக்கவே முடியாதவனுக்கு வண்டி எதுக்கு? அந்தக் காசுல உனக்குப் பல்லு கட்டிக்க. உன் தங்கச்சி நல்லா இருக்கா.

மாப்பிள்ளை


பிப்ரவரி 15

அன்பு மாப்பிள்ளைக்கு,

பல்லு எதுக்கு, உன்னைக் கடிக்கவா? நீ சொல்லாததால நானே முடிவு பண்ணிட்டேன். பெரிய கார்டுதான்.

கடைப் பொண்ணு ரெண்டு கார்டையும் போட்டுக் காட்டினா. சின்னதுல மரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி இருக்கு. பெரியதுல இலை இலையா ஆடுது மாப்ளே. மழை பெஞ்சுது. எதிர்ல வர்ற வண்டியோட வெளிச்சம் ஈரத் தார் ரோட்டுல நீளமா இழுத்துக்கிட்டு வந்துச்சு. என்னையறியாம திரையைத் தொட்டுப் பார்த்தேன். காஞ்சிருந்துச்சு.

ஸ்டியரிங்தான் மலிவுல எடுக்கப் போறேன். பிளாஸ்டிக்கு. சோத்துத் தட்டு மாதிரி லேசா சுத்துது. அதுல என்ன இருக்கு? முன்னாடி ரோடு தெரிஞ்சா எவன் வேணாலும் ஓட்டலாம். அடுத்த வாரம் பணம் கட்டிடுவேன்.

உன் மச்சான்


பிப்ரவரி 20

மச்சான்னு எழுதவே கை கூசுது.

ஆயுசு பூரா லாரியைப் பிரிச்சு மாட்டுனியே, ஒரு நாளாவது மலையில ஓட்டிப் பார்த்தியா? மலையில எவன்டா கண்ணால ஏறுறான்? டயர் மண்ணுல இறங்குனா ஸ்டியரிங் சொல்லும். பின்னாடி சரக்கு ஆடுனா ஸ்டியரிங் சொல்லும். பனியில கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது.

மரம் காலிஃபிளவரா இருந்துட்டுப் போகட்டும். கார்டைக் குறை, பழசு கிடைச்சாலும் எடு. பெட்டி தகரத்துல போதும். கலர் லைட்டெல்லாம் கல்யாண மண்டபத்துக்கு. கரண்டு குடுக்குற சாமான்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத, பாதி வழியில நிறுத்திடும். ஸ்டியரிங் கனமா, திருப்பினா எதிர்த்து இழுக்குறதா இருக்கணும்.

ஒரு சந்தேகம். ஆக்சிலேட்டருக்கு எந்தக் காலை வைக்கிறது?

மாப்பிள்ளை


மார்ச் 2

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீ திட்டுனதைக் கடையில சத்தமா வாசிச்சேன். நீ சொன்னதுதான் சரின்னு பொண்ணு சொல்லிட்டா. மூடிப்போன இன்டர்நெட் கடையில இருந்து பழைய கார்டு ஒண்ணைச் சோதிச்சு எடுத்தா. மிச்சம் பூரா ஸ்டியரிங்குக்குப் போச்சு.

பூட்டுற அன்னைக்கு நான் ஒரு வேலை பண்ணிட்டேன். இன்ஜின் சூடு இறங்க அது தலையில ஒரு பசை வைக்கணும். அவ வாசலுக்குப் போன நேரத்துல, வீல் பேரிங்குக்குக் கிரீஸ் அடைக்கிற மாதிரி ட்யூப் பூராவும் பிதுக்கி அடைச்சிட்டேன். பட்டாணி அளவு போதுமாம். பசை வழிஞ்சு அடியில ஊசி ஊசியா இருக்குற இடத்துக்குள்ள போயிடுச்சு. சுவிட்சைப் போட்டா பெட்டி செத்துக் கிடக்கு. வேற வாங்க வழியில்ல. உனக்கு என்னத்தை எழுதுவேன்?

அவ ஒரு வார்த்தை திட்டல. ஸ்பிரிட்டைத் தொட்டு, கண்ணுக்கே தெரியாத அந்த ஊசிகளை பிரஷ்ஷால ஒவ்வொண்ணாத் துடைச்சா. ஒரு ஊசி வளைஞ்சாலும் போச்சு. மறுபடி சுவிட்சைத் தட்டினா. விசிறி சுத்துச்சு. சத்தமே இல்ல மாப்ளே, கையை வச்சுக் காத்தைத் தொட்டுத்தான் உயிர் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆக்சிலேட்டரை ஸ்டியரிங்குக்குப் பின்னாடி விரலால இழுக்குற மாதிரி மாத்திட்டா. பிரேக்குக்கு இடது கால். அவ மாமியார் வீடு உன் ஊர்ப்பக்கம்தான், அவளே கொண்டாந்து மாட்டித் தருவா. நீ கதவை மட்டும் திற.

உன் மச்சான்


மார்ச் 14

அன்புள்ள மச்சானுக்கு,

கடைப் பொண்ணு வந்து மாட்டிட்டுப் போனா. நான்தான் போர்வையைப் போட்டு மூடியே வச்சிருந்தேன். நேத்துக் காலையில உன் தங்கச்சி குளிக்கப் போன நேரம் பார்த்து உக்காந்தேன்.

முதல் வளைவுலயே கவுத்தேன். மறுபடியும் கவுத்தேன். மிதிக்கிற வேலையை விரல் இன்னும் பழகல. அப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்துச்சு. ஸ்டியரிங் என் கையை எதிர்த்து இழுத்துச்சு மச்சான். பின்னாடி இருக்குற சரக்கோட கனம் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துச்சு. இல்லாத கால் ஆக்சிலேட்டரைத் தேடி அமுக்குச்சு. ராத்திரியெல்லாம் வலிக்கிற அந்தக் கால் அப்ப வலிக்கல.

ஏற ஏற மேகம் கீழ போயிடுச்சு. விளையாட்டுக்குள்ள விடியிற நேரம். மலையோட ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி, அது மெதுவா வண்டிக்குள்ள வந்துச்சு. நிஜத்துலயும் அப்படித்தான் வரும். அதை இன்னொரு தடவை பார்ப்பேன்னு நான் நினைக்கவே இல்ல.

திரும்பினா உன் தங்கச்சி ஈரத் தலையோட நிக்கிறா. எவ்வளவு நேரமா நின்னாளோ. வீட்டு ஆளுங்களை ஏத்த முதலாளி விட்டதில்ல, அவ ஒரு நாளும் என் வண்டியில வந்ததில்ல. நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டு உக்காந்தா. உச்சிக்குப் போற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தா. அப்புறம் கேட்டா:

"இவ்வளவையும் நீங்க தனியாவா பாத்தீங்க?"

அடுத்த சரக்கை ஏத்தினேன். அவ எழுந்திரிக்கல.

ஞாயித்துக்கிழமை கிளம்பி வா. வர்றப்ப ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வா. பக்கத்து சீட்டுல ஆள் இருக்கு.

உன் மாப்பிள்ளை,
டிரைவர்