மாபுலேங்குக்கும் அதே மாத்திரை

அன்பு மகள் லினேயோவுக்கு, மாஃபெட்டெங்கிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் என் இடுப்பு வலியும் சௌக்கியம். அங்கே மலையில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமா? பனி கொட்டிப் பாதை அடைபடும் என்று வானொலியில் சொன்னதிலிருந்து எனக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அதைக்கூட நின்று பார்க்க மனம் இல்லை.

போன வாரம் வேன் ஓட்டும் மோலெஃபி நீ அனுப்பிய டப்பாவைக் கொடுத்துவிட்டு, "உங்க பொண்ணு ரொம்ப இளைச்சுப் போச்சும்மா" என்றான். நான் இங்கே ஆஸ்பத்திரியில் உன் மாத்திரைக் குப்பியை வாங்கி மாவுக்குள் ஒளித்து அனுப்புவேன். காலியானதை அங்கே வீசினால் யார் கண்ணிலாவது படும் என்று நீ டப்பாவில் பட்டாணிக்கடியில் வைத்துத் திருப்பி அனுப்புவாய். அந்தக் காலிக் குப்பிதான் என்று எடுத்தேன். கனத்தது. குலுங்காமல் இருக்க நான் திணித்த ஆட்டு ரோமம் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே எச்.ஐ.வி. மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை. பதறிப்போய்ப் போன் போட்டால், "அந்த வியாதி லினேயோவோடதும்மா. அவளை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். இங்க நான் மாபுலேங்" என்று சிரிக்கிறாய். அடி அசடே! பிறக்கப்போகும் புலேங்குக்கு அம்மா என்று மாமியார் உனக்குப் புதுப் பெயர் வைக்கலாம், மருமகள் போர்வை போர்த்தலாம், ரத்தத்தை மாற்ற முடியுமா? எனக்கும்தான் நீ பிறக்குமுன்பே லினேயோவின் அம்மா என்று பெயர் வைத்தார்கள், என் பல்வலி கூடவேதான் வந்தது.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்கிறாய். நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தான். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் பிறகு அந்த மாத்திரைக்கே கிருமி அடங்காது என்று இந்த ஊர் ஆஸ்பத்திரி நர்சம்மா படித்துப் படித்துச் சொன்னாரே. அவரிடமும் ஓடினேன், "இன்னும் காலம் கடந்துடல, உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார். உன் மாமியாரின் தங்கை அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று பயப்படுகிறாய், புரிகிறது. மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் சுரங்க வேலைக்குப் போய்த் தூரத்தில் கிடக்கிறார், பக்கத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள்? நீ என் வயிற்றில் இருந்தபோது இந்த மாத்திரை நம் பக்கம் வந்திருக்கவில்லை, என் வியாதி உனக்கும் ஒட்டிக்கொண்டது. புலேங்கைக் காக்க மாத்திரை வந்திருக்கிறது மகளே, அதைப் போய்ப் பட்டாணிக்கடியில் போட்டு எனக்கே அனுப்பலாமா?

அதனால் பாதை அடைபடுமுன் சனிக்கிழமை நானே புறப்பட்டு வருகிறேன். உன் குப்பியும் என் குப்பியும் என் பையில் வரும், இந்த முறை ரோமம் திணிக்கப் போவதில்லை, வழி நெடுகக் குலுங்கட்டும். சாயங்காலச் செய்தி ஆரம்பித்ததும் சம்பந்தியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து என் மாத்திரையை நான் விழுங்குவேன். அவர் கேட்டால் என் வியாதியைச் சொல்வேன், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

போர்வையை இறுக்கிப் போர்த்திக்கொள், ஈரத்தில் நிற்காதே. நீயும் புலேங்கும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. சனிக்கிழமை நான் தண்ணீர் கேட்டால் இரண்டு தம்ளராகக் கொண்டுவா.

உன் அம்மா,
மாலினேயோ