பதில் பாட்டு

கவாய்ஹே கடற்கரை, கூடாரம்
7 ஜூன் 2016, செவ்வாய்

அன்பு மகள் உலுவெஹிக்கு,

அம்மா எழுதுவது. இதைக் கொண்டுவருபவர் பக்கத்துக் கூடாரத்து கெயோகி. "டீச்சர், வாசலைக் காத்துப் பக்கம் வெச்சா கூடாரத்தோட நீங்களும் கடலுக்குப் பறந்துருவீங்க" என்று சிரித்து, அவர்தான் திருப்பிக் கட்டிக்கொடுத்தார்.

சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. அதைவிட வலித்தது காலையில் நீ சொன்னது. மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்க நம் தீவின் பழைய கற்கோயிலுக்கு ஓடிவருகிறேன். காவலுக்கு நிற்கும் நீ, இருபது பேர் எதிரில், "அம்மா, வெளியே போய் நில்லுங்க" என்கிறாய்! பெற்றவளுக்குமா அனுமதி?

வெள்ளி மதியம் கூடாரத்தைக் காலி செய்யவேண்டும். அதற்குள் ஒரு வேளை என்னோடு சாப்பிட வா. உனக்குப் பிடித்த உலர்மீன் வைத்திருக்கிறேன்.

அம்மா ஹௌனானி

8 ஜூன், புதன்

அம்மாவுக்கு,

கோயிலுக்கு வருபவர் யாரானாலும் எல்லையில் நின்று பாடி அனுமதி கேட்கவேண்டும்; அதுதான் நம் வழக்கம். உள்ளேயிருந்து பதில் பாட்டு வந்தால்தான் கால் வைக்கலாம். உங்களுக்குத் தெரியாததா? கேட்காமல் நுழைந்தீர்கள். என் அறைக்குள்ளும் அப்படித்தான் வருவீர்கள். இந்த வேலை கிடைத்த அன்று, விருந்தில் எல்லோர் முன்னாலும், "கல்லுக்குக் காவல் நிக்கவா உன்னைப் படிக்கவெச்சேன்?" என்றீர்கள்.

சாப்பிட வர மனமில்லை.

உலுவெஹி

9 ஜூன், வியாழன்

உலு,

நேற்றெல்லாம் இருப்புக்கொள்ளவில்லை. மணலில் போவதும் வருவதுமாக இருந்தேன். "டீச்சர், கடலுக்கே தலைசுத்துது, உக்காருங்க" என்றார் கெயோகி.

ஒன்று சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, "உள்ளே வரலாமா டீச்சர்?" என்று கேட்கவைத்தேன். நான் யார் வாசலிலும் நின்றதில்லை. உன் வாசலில்கூட. விருந்தில் சொன்னது தப்பு.

இன்று காலை ஆறு மணிக்கு எல்லையில் நின்று பாடினேன். நடுவில் ஒரு வரி மறந்துபோனது. பதில் வரவில்லை. வெயில் ஏறும்வரை நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. நாளையும் பாடுவேன். பதில் இல்லையென்றால் கூடாரத்தை மடித்துக்கொண்டு கிளம்புகிறேன். உன்மேல் கோபமில்லை.

மீனைக் கெயோகியிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் குறைந்தால் நான் பொறுப்பல்ல.

அம்மா

9 ஜூன், மாலை

அம்மா,

கால்வாசி மீன்தான் வந்து சேர்ந்தது.

காலையில் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். நீ பாடியது கேட்டது. பதில் பாட வாயெடுத்தேன், பாடாமல் கல்லிடுக்கு வழியாக உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்காமல் உள்ளே வந்துவிடுவாய் என்றே நினைத்தேன். நீ வரவில்லை.

நாளை கொஞ்சம் சத்தமாகப் பாடு. வகுப்பில் கத்தின குரல் எங்கே போச்சு? வரி மறந்தால் நிறுத்து. உள்ளேயிருந்து நான் எடுத்துக்கொடுக்கிறேன்.

உடனே பதில் வராவிட்டால், கொஞ்சம் நில் அம்மா.

உலு